சிங்கப்பூர் சாப்பிடும் காய்கறியில் 3 விழுக்காடுதான் உள்ளூர் விளைச்சல்: உங்கள் வீட்டுத் தொட்டி அதை மாற்றுமா?

நேற்று உங்கள் வீட்டில் சமைத்த கீரை எங்கே விளைந்தது? மலேசியாவாக இருக்கலாம். சீனாவாகவும் இருக்கலாம். சிங்கப்பூராக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

2023ஆம் ஆண்டில் நாம் சாப்பிட்ட காய்கறியில் 3.2 விழுக்காடு மட்டுமே இங்கு விளைந்தது. அதே ஆண்டில் முட்டையில் 31.9 விழுக்காடும் கடலுணவில் 7.3 விழுக்காடும் உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து கிடைத்தன. மொத்தத்தில் நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது.

இந்த நிலையில் 2025 நவம்பரில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் நமது ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது என்ற "30க்குள் 30" இலக்கு கைவிடப்பட்டது.

இன்னொரு பக்கம் கழக வீடுகளின் நடைபாதைகளைப் பாருங்கள். கறிவேப்பிலை, பாண்டான், மிளகாய், கங்கோங் என்று தொட்டிகளுக்குக் குறைவில்லை. பெரிய பண்ணைகளே திணறும்போது இந்தத் தொட்டிகளால் என்ன ஆகப்போகுது? வெறும் பொழுதுபோக்கா, இல்லை உண்மையிலேயே பயன் உண்டா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இலக்கு ஏன் மாறியது?

"30க்குள் 30" இலக்கு 2019இல் அறிவிக்கப்பட்டது. அப்போது எதிர்பார்த்ததைவிடப் பண்ணைத் தொழில் கடினமாக அமைந்தது. சிங்கப்பூரில் விவசாயத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே அடுக்கடுக்காக, உள்ளரங்கில், விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கும் முறைக்குப் பலர் போனார்கள். அங்கே மின்சாரக் கட்டணம் கடித்தது. கட்டுமானச் செலவும் ஏறியது. பேரங்காடியில் அந்தக் கீரையின் பக்கத்திலேயே விலை குறைந்த இறக்குமதிக் கீரை இருக்கிறது. வாங்குபவர் எதை எடுப்பார்? சில பெரிய பண்ணைகள் மூடப்பட்டன.

புதிய இலக்கு 2035ஆம் ஆண்டை நோக்கியது. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு.

• நார்ச்சத்து: கீரை, காய்கள், தவ்கே (முளைப்பயறு), காளான். நாம் உண்பதில் 20 விழுக்காடு உள்ளூரிலிருந்து வரவேண்டும்.

• புரதம்: முட்டை, கடலுணவு. 30 விழுக்காடு உள்ளூரிலிருந்து வரவேண்டும்.

உள்ளூர் உற்பத்தியை மட்டும் நம்பி இருக்கப்போவதில்லை. பல நாடுகளிலிருந்து இறக்குமதி, கையிருப்பு, மற்ற நாடுகளுடன் பங்காளித்துவம் ஆகிய மூன்றும் அதனுடன் சேர்ந்து இயங்கும்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இறக்குமதி என்றாலே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. 170க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து உணவு வருவதால்தான் ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறக்கிறது. ஆனால் அடைபடும் நேரத்தில் ஏற்படும் அதிர்வு வீட்டுச் சமையலறை வரை வருகிறது. கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள்.

• 2020 மார்ச்: மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் இங்கே பேரங்காடிகளில் நீண்ட வரிசை. பொருள் வரத்து நிற்கவில்லை. ஆனாலும் பலருக்குப் பயம் வந்துவிட்டது.

• 2022 ஜூன்: மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சில மாதங்களுக்குப் பிறகே அது முழுமையாகச் சீரானது.

• 2023 ஜூலை: பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. பின்னர் சிங்கப்பூருக்கு விலக்கு கிடைத்தது.

• 2023 டிசம்பர்: இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. சாம்பாருக்கு வெங்காயம் வாங்கும் ஒவ்வொரு வீடும் அதைக் கவனித்தது.

இந்த நான்கில் எதையும் உங்கள் தொட்டி தீர்த்திருக்காது. கோழியையும் அரிசியையும் நடைபாதையில் வளர்க்க முடியாது. அப்படியானால் தொட்டி எங்கேதான் உதவும்?

கிலோ கணக்கும் கைப்பிடிக் கணக்கும்

பெரியவர் ஒருவர் நாளுக்கு இரண்டு பங்கு காய்கறி சாப்பிடவேண்டும் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். சமைத்த காய்கறி ஏறத்தாழ 100 கிராம் என்றால் அது ஒரு பங்கு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 800 கிராம், மாதத்துக்கு 24 கிலோ.

உங்கள் நடைபாதையில் ஒரு நீளத் தொட்டியில் கங்கோங் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்லா வெயில் பட்டு மாதத்துக்கு 300 கிராம் கிடைக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுத் தேவையில் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஐந்து தொட்டி வைத்தாலும் 6 விழுக்காட்டைத்தான் தொடும். அதற்குள் நடைபாதை நிறைந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரரும் பேச ஆரம்பித்துவிடுவார்.

இதுதான் கிலோ கணக்கு. இதில் வீட்டுத் தோட்டம் தோற்கும்.

இப்போ கைப்பிடிக் கணக்குக்கு வருவோம். தாளிப்புக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை. சோற்றுக்கு ஒரு பாண்டான் இலை. ரசத்துக்கு ரெண்டு கற்பூரவல்லி. சட்னிக்கு ஒரு பிடி புதினா, நாலு மிளகாய். இவற்றின் எடை சில கிராம்தான். ஆனால் இவை இல்லாமல் சமையல் ருசிக்காது. இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த ஒரு கறிவேப்பிலைச் செடி, நன்றாகக் கிளை விட்டிருந்தால், ஒரு சிறிய குடும்பத்தின் வாரத் தேவையை முழுசாகவே பார்த்துக்கொள்ளும். 1 விழுக்காடு எங்கே, 100 விழுக்காடு எங்கே?

இன்னொரு லாபமும் இருக்கு. கடையில் புதினா வாங்கினால் ஒரு கட்டாகத்தான் தருவார்கள். உங்களுக்குத் தேவை ஒரு பிடி. மீதி குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகும். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் 700,000 டன்னுக்கு மேல் உணவுக் கழிவு சேர்கிறது. செடியிலிருந்து பறிக்கும்போது தேவையான அளவுதான் பறிப்பீர்கள். மிச்சம் செடியிலேயே இருக்கும்.

ஆக, இடம் குறைவாக இருந்தால் இலைக்காய்கறியைவிட வாசனைச் செடிகளுக்கு முன்னுரிமை கொடுப்பது புத்திசாலித்தனம்.

சிங்கப்பூர் வெப்பத்தில் எது வளரும், எது வளராது?

நமக்குப் பருவகாலம் கிடையாது. ஆண்டு முழுதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகல். வெப்பம், ஈரப்பதம், திடீர் மழை. சில செடிகளுக்கு இது சொர்க்கம். சில செடிகளுக்கு ஒத்தே வராது.

• கறிவேப்பிலை: வெயில் பிடிக்கும். முதல் ஆண்டு மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். ஒவ்வோர் இலையாகக் கிள்ளாமல் முழுக் கொத்தாக ஒடியுங்கள். நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் வரும். பழைய விதை சரியாக முளைக்காது என்பதால் சிறு கன்றாக வாங்குவது நல்லது.

• பாண்டான்: கொஞ்சம் நிழல் இருந்தாலும் தாங்கும். அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் போதும். இலங்கைத் தமிழர் சமையலில் வரும் ரம்பையும் இதே இலைதான்.

• கற்பூரவல்லி: ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தினால் வேர் விடும். அதிகத் தண்ணீர்தான் அதற்கு எதிரி.

• புதினா: சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே தண்டைத் தண்ணீரில் வைத்து வேர் பிடிக்க வைக்கலாம். நேரடி மதிய வெயிலைவிடக் காலை வெயில் அதற்கு ஏற்றது.

• லக்சா இலை: இதுவும் தண்டிலிருந்து வளரும். மண் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். அசாம் பெடாஸ், லக்சா இரண்டுக்கும் இது வேண்டும்.

• கங்கோங், தண்டுக்கீரை: விதைத்து மூன்று நான்கு வாரங்களில் அறுவடை. கங்கோங்கை அடியோடு பிடுங்காமல் மேலே வெட்டினால் மறுபடியும் தழைக்கும்.

• கொத்தமல்லி: பலரும் முதலில் இதைத்தான் போடுவார்கள், பலருக்கும் ஏமாற்றம். நம் வெப்பத்தில் இலை விடுவதற்குள் பூத்துவிடும். அதே வாசனைக்கு, மலாய் மொழியில் "கெத்தும்பார் ஜாவா" எனப்படும் நீள இலைச் செடியைப் போடுங்கள். வெப்பத்தையும் அரை நிழலையும் அது தாங்கும்.

கறிவேப்பிலையும் லிமாவ் கஸ்தூரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டையும் ஒரே சிறு பூச்சி தேடி வரும். எலுமிச்சைக் குடும்பச் செடிகளை வாட்டும் ஒரு நோயை அது பரப்பக்கூடியது. தளிர் இலைகள் சுருண்டால் அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் கன்று வைத்துக் கொண்டுவரும் ஆசை பலருக்கு இருக்கும். செடிகளை எல்லை தாண்டிக் கொண்டுவர விதிமுறைகள் இருப்பதற்கு இப்படிப்பட்ட பூச்சிகளும் ஒரு காரணம். தேசியப் பூங்காக் கழகத்தின் விதிமுறையை முதலில் பார்த்துவிடுங்கள்.

பிடிஓ வீட்டில் நடைபாதையே இல்லையே?

புதிய வீடுகள் பலவற்றில் வாசலுக்கு வெளியே இடமிருக்காது. இருக்கும் சன்னலிலும் வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாது. செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை: காலை 9, பிற்பகல் 1, மாலை 4 மணிக்குச் சன்னலோரம் கையை நீட்டி நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு தெளிவாக இருந்தால் நேரடி வெயில். மங்கலாக இருந்தால் மறைமுக வெளிச்சம். நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் இருந்தால் கறிவேப்பிலை, மிளகாய், கீரை சரிவரும். அதற்குக் குறைவு என்றால் பாண்டான், புதினாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலே இல்லையா? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நம் வீட்டு அலமாரியில் ஒரு ரகசியம் இருக்கு. பச்சைப்பயறு, வெந்தயம், கொள்ளு. பச்சைப்பயறை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் இரண்டு நாளில் முளை கிடைக்கும். வெந்தயத்தை ஒரு ஆழமில்லாத தட்டு மண்ணில் தூவினால் இரண்டு வாரத்துக்குள் இளங்கீரை வெட்டலாம். சன்னலோர வெளிச்சமே அதற்குப் போதும்.

உணவுப் பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இது சாதாரண விஷயமில்லை. கீரையைச் சேமித்து வைக்க முடியாது. ஆனால் பயறு மாதக்கணக்கில் இருக்கும்; தேவைப்படும்போது அதுவே இரண்டு நாளில் காய்கறியாக மாறும். ஒரு எச்சரிக்கை: முளை வரும் அதே வெதுவெதுப்பில் கிருமிகளும் பெருகும். பச்சையாகச் சாப்பிடாமல் வேகவைத்தோ வதக்கியோ சாப்பிடுவது பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

நடைபாதை உங்கள் வீட்டின் நீட்சி மாதிரித் தெரியலாம். ஆனால் அது பொது இடம். நகர மன்றம் அதைப் பராமரிக்கிறது. முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியவை:

• வழி: தீயோ அவசரமோ ஏற்பட்டால் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகல வழி இருக்கவேண்டும். தூக்குப் படுக்கையோ சக்கர நாற்காலியோ போகும்போது உங்கள் தொட்டி இடிக்கக்கூடாது.

• உயரம்: நடைபாதைச் சுவர் மேலும் சன்னல் விளிம்பிலும் குளிரூட்டிப் பெட்டிக்கான மேடையிலும் தொட்டி வைக்காதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி உயிரைக் குடிக்கும்.

• கொசு: 20 காசு நாணயத்தின் அளவுக்குத் தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம்தான் ஆகும். டெங்கியைத் தடுக்கத் தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்லும் ஐந்து படிகளில் முதல் இரண்டும் தொட்டியைப் பற்றியவை: இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது, அடித்தட்டுத் தண்ணீரைக் கொட்டுவது. கொசு உற்பத்தி கண்டறியப்பட்டால் அபராதம் உண்டு.

• பொது நிலம்: புளோக்குக்குக் கீழே காலி இடம் இருக்கிறதே என்று நீங்களாக முருங்கை நடமுடியாது. அனுமதி வேண்டும்.

அண்டை வீட்டாருடன் வரும் பிரச்சினைகள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் தொடங்கும். தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டுவது, சமையலறைக் கழிவை அப்படியே மண்ணில் போட்டுக் கரப்பான்பூச்சி வருவது. முதலில் பேசிவிடுங்கள். ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுத்துவிட்டுப் பேசினால் இன்னும் எளிது.

இடமே இல்லாதவர்களுக்கு

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவு முழுதும் சமூகத் தோட்டங்கள் உள்ளன. உங்கள் வட்டாரத் தோட்டத்தில் சேர வசிப்போர் குழுவிடம் கேளுங்கள். தனியாக ஒரு பாத்தி வேண்டும் என்றால், பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாத்திகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 வெள்ளி. விண்ணப்பிப்போர் அதிகம் என்றால் குலுக்கல்தான்.

சமூகத் தோட்டத்தில் கிடைக்கும் பெரிய லாபம் அனுபவம். அங்கே 60, 70 வயதுத் தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். கம்பத்தில் வளர்ந்தவர்கள். எந்த இலை சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை போன்றவற்றை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் நம் சமூகத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோழிக்கு ஒரு நாடு கதவடைத்தால் இன்னொரு நாட்டிலிருந்து வாங்கலாம். இந்த அறிவை அப்படி இறக்குமதி செய்ய முடியாது. பேச்சுத் தமிழ் தடுமாறும் இளையருக்கும் இதில் ஒரு லாபம்: இலையைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்ன பாட்டி?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும்.

பறித்தாச்சு, என்ன சமைக்கலாம்?

வீட்டு விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். சமையலையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவேண்டும்.

• கறிவேப்பிலைத் துவையல்: செடியைக் கவாத்து செய்யும் நாளில் இரண்டு மூன்று கைப்பிடி சேரும். ஒரு மேசைக்கரண்டி உளுந்து, நான்கு காய்ந்த மிளகாய் வறுத்து, இலையை வதக்கி, கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு சேர்த்து அரையுங்கள். தட்டில் ஓரமாக ஒதுக்கும் இலையை முழுசாகச் சாப்பிட இதுதான் சுலபமான வழி.

• கற்பூரவல்லி பஜ்ஜி: மழை பெய்யும் மாலைக்கு எட்டு இலை போதும், நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு.

• கங்கோங் பிரட்டல்: 300 கிராம் வதங்கினால் ஒரு சின்னக் கிண்ணம்தான் வரும். இக்கான் பிலிஸ், சின்ன வெங்காயம், உங்கள் மிளகாய் சேர்த்தால் அதுவே நாலு பேருக்குத் தொட்டுக்கொள்ளப் போதும்.

• முளைப்பயறுச் சுண்டல்: ஆவியில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மேலே லிமாவ் கஸ்தூரி பிழியுங்கள்.

தாளிப்பதற்கு முன் இலையில் ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் தெறிக்காது. பூச்சி மருந்து அடிக்காத வீட்டுச் செடியாக இருந்தாலும் கழுவித்தான் சமைக்கவேண்டும்.

பணம் மிச்சமாகுமா?

முதல் ஆண்டு அநேகமாக மிச்சமாகாது. தொட்டி, மண், கன்று என்று 30 வெள்ளி செலவழித்தால், வாரம் 1 வெள்ளிக்குக் கறிவேப்பிலையும் புதினாவும் வாங்கும் வீட்டுக்கு அதை மீட்க ஏறத்தாழ ஏழு மாதம் ஆகும். அதுவும் செடி முதல் நாளிலிருந்தே தழைத்தால்தான். விலையுயர்ந்த தானியங்கி வளர்ப்புப் பெட்டி வாங்கினால் கணக்கு இன்னும் நீளும். அந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்கும் பெரிய உள்ளரங்கப் பண்ணைகளுக்கும் பிரச்சினை ஒன்றுதான்: விளக்குக்குப் பணம் கட்டவேண்டும். வெயில் இலவசம்.

முடிவாக

2035ஆம் ஆண்டின் 20 விழுக்காட்டு இலக்கை எட்டவேண்டியது பண்ணைகள். நம் தொட்டிகள் அல்ல. அதற்கு நீங்கள் செய்யக்கூடிய நேரடி உதவி, பேரங்காடியில் உள்ளூர் முட்டையையும் கீரையையும் எடுப்பதுதான்.

தொட்டியின் வேலை வேறு. அது வீட்டில் வீணாவதைக் குறைக்கும், சமையலுக்கு வாசனை தரும், வரத்து தடைப்படும் வாரத்தில் பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கும். ஒரு கீரை வளர எத்தனை நாள் ஆகிறது என்று தெரிந்தவருக்கு, அதைப் பயிரிடுபவர் கேட்கும் விலையும் புரியும்.

தொடங்க நினைத்தால் இந்த வாரம் ஒரே ஒரு செடி போதும். நிழல் சோதனை செய்யுங்கள், அதற்கேற்ற ஒன்றை வாங்குங்கள், வாரம் ஒரு நாளைத் தட்டுத் தண்ணீர் கொட்டும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று மாதம் உயிரோடு இருந்தால் இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.